தனிஸ்லாஸின் நேர்ச்சை

ஜனவரி 3, வியாழன்

கல்யாணமான மறுமாதமே இவர் கொல்கத்தாவுக்குப் பந்து விளையாடப் போய்விட்டார். போனில் பேசினால் "சாப்பிட்டியா", "ம்" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். ஊருக்கு வரும்போது எதையும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் டைரி எழுத ஆரம்பித்தேன். இப்போது இவர் வருடம் பூராவும் வீட்டிலேயே இருக்கிறார். எழுதுவதை மட்டும் விட முடியவில்லை. மாமியார் காதில் விழாமல் கோபப்பட இந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

இன்று இவருடைய அண்ணன் இவரை வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிப் போனார். "சும்மாதான கெடக்கான், தொழில் பழகட்டும்" என்றாராம். கரை மறைவதற்கு முன்பே இவர் வாந்தி எடுக்க ஆரம்பித்து, திரும்பி வரும்வரை எடுத்திருக்கிறார். கடற்கரையில் வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். பதினாறு வயதில் ஊரை விட்டுப் பந்தோடு போனவன், முப்பத்தேழு வயதில் வந்து வள்ளத்தில் ஏறினால் குடல் என்ன செய்யும்? சிரிக்கிற வாயெல்லாம் இவர் டிவியில் வந்த நாட்களில் "எங்க ஊர்க்காரன்" என்று பீற்றிக்கொண்ட வாய்தான்.

எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "அடுத்த மாசம் ஸ்கூல் வேல வந்துரும்லா" என்றார். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிற வேலை. பிப்ரவரி முதல் தேதி சேர வேண்டும். அதுவரை, ஒன்றரை வருடத்துக்கு முன் மேட்சில் அடிபட்டு ஆபரேஷன் செய்த அந்த வலது கால்முட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: நடக்கலாம், சைக்கிள் விடலாம், பிள்ளைகளுக்குப் பந்தை உருட்டிக் காட்டலாம். மேட்ச் கூடாது. இன்னொரு தடவை திருகினால் ஆயுசுக்கும் கம்புதான்.

ஜனவரி 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கிளாரன்ஸ் ஜெர்சி மூட்டையைக் கொண்டுவந்து தையல் மிஷின் பக்கத்தில் போட்டான். இவருடைய சின்ன வயதுக் கூட்டாளி, ஊர்க் கிளப்புக்குச் செக்ரட்டரி. செபஸ்தியார் திருவிழா வந்தால் கூடவே கால்பந்துப் போட்டியும் வரும், ஜெர்சி மூட்டையும் வரும். திருப்பூரில் எந்த அளவு சொன்னாலும் எல்லாவற்றையும் தொளதொளவென்றுதான் தைத்து அனுப்புவார்கள். அதைப் பிடித்துக் கொடுப்பது என் தலையெழுத்து. "ஊருக்கு வேண்டிதான மைனி" என்பான். ஊருக்கு வேண்டி, ஊருக்கு வேண்டி. எனக்கு வேண்டி ஊர் ஒரு பட்டன் தைத்ததில்லை.

பக்கத்து ஊர்க் கீழத்துறைக்காரர்கள் மூன்று வருடமாகக் கோப்பையைக் கொண்டுபோகிறார்கள். இந்த வருடம் நைஜீரியாக்காரன் ஒருவனை வேறு இறக்குகிறார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது, பந்து விளையாட்டில் எனக்கு ஆசையும் இல்லை. போன வருட செமிபைனலில் எங்கள் இடது பேக் ஏறிப் போனவன் திரும்பி வரவே இல்லை, கோல் விழுந்தது அதனால்தான். கண் இருக்கிற யாருக்கும் அது தெரிந்திருக்கும்.

பிள்ளைக்குப் பேன் பார்த்தேன். மூட்டையைப் பிரிக்கவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

மூட்டையைப் பிரித்தேன்.

அடியில் ஐந்தாம் நம்பர் ஜெர்சி. முதுகில் பெரிய எழுத்தில் "தனிஸ்" என்று அச்சடித்திருந்தது. இந்த ஊரில் தனிஸ்லாஸ் என்று ஒருவர்தான் இருக்கிறார். அவர் அப்போது அடுக்களையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். "ஒரு மனுசனுக்க காலப் பறிச்சுக் கோப்ப வாங்கணுமா ஒங்களுக்கு? கேக்க ஆளில்லண்ணு நெனச்சியளா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கூப்பிடல்ல மைனி. அவன்ட்டயே கேளுங்க" என்றான்.

வந்து கேட்டேன். வெங்காயக் கண்ணோடு நின்றவர் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"நேர்ச்ச."

கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, கால் சரியானால் உமது திருவிழாவில் ஒரு பைனல் விளையாடுகிறேன் என்று செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டாராம். ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

டாக்டர் சொன்னார் என்றால் வாதாடலாம், கிளப் சொன்னது என்றால் சண்டை போடலாம். நேர்ச்சை என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் இந்தக் கடற்கரையில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஆனால் நேர்ச்சையைப் பாருங்கள். முட்டு சரியானால் அந்த முட்டையே உடைத்துத் தருகிறேன் என்று ஒருவன் நேர்வானா? கண் தெரிந்தால் கண்ணைக் குத்திக்கொள்கிறேன் என்பதுபோல இருக்கிறது.

ஜனவரி 9, புதன்

பேசவில்லை. சோறு போட்டேன். மீன்துண்டு வைக்கவில்லை.

ஜனவரி 11, வெள்ளி

கொடியேற்று. நேர்ச்சை விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது என் மாமியார். வாசலில் நின்று போகிற வருகிற எல்லாரிடமும், "புனிதருக்குக் குடுத்த வாக்கு, பாத்துக்கிடுங்க. எனக்க மோன் வாக்கு மாறமாட்டான்" என்கிறார். மகனின் முட்டு ஆட்டுக்கல் அளவு வீங்கிக் கிடந்த நாட்களில் எண்ணெய் தேய்த்துவிட்டது மாமியார் அல்ல, நான்.

"மாமி, டாக்டர் சொன்னது ஓர்ம இருக்கா?" என்று கேட்டேன்.

"நேர்ச்சய முடக்கினா அதவிடக் கூடுதலா வரும் பிள்ளே. நீ கெடந்து சாடாத."

கோயிலில் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து இவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். பங்குப் பேரவைத் தலைவர் குனிந்து கால்முட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். முட்டு இவர்களுடையதா? இவருக்கு அங்கே கிளப் கான்ட்ராக்ட் முடிந்தபோது இதே ஆட்கள்தான் "இனி என்ன செய்யப் போறான்" என்று டீக்கடையில் உச்சுக்கொட்டினார்கள்.

பூசையில் நான் ஜெபிக்கவில்லை. செபஸ்தியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிறவர் நீர், வலி என்றால் என்னவென்று தெரியாதா உமக்கு? இப்படி ஒரு நேர்ச்சையை எப்படி வாங்கிக்கொண்டீர்? மனதுக்குள் நன்றாகவே திட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 13, ஞாயிறு

விடிந்ததும் கடற்கரைப் பக்கம் போனேன். வேலை இருந்தது.

இவர் ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்தார். கிளாரன்ஸ் உயரமாகப் பந்தைத் தூக்கிப் போட, இவர் பின்னால் போய், நின்று, குதித்து, தலையால் தள்ளினார். குதிக்கும்போது இடது காலில் எழும்புகிறார், இறங்கும்போதும் இடது காலிலேயே இறங்குகிறார். அதாவது வலது முட்டு தாங்காது என்பது இவருக்கே தெரியும். தெரிந்துதான் செய்கிறார். ஆனால் பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்பாகவே கண்டுபிடித்துப் போய் நிற்கிற அந்தப் புத்தி போகவில்லை. போகாது போலிருக்கிறது.

ஒரு வள்ளத்தின் மறைவில் கொஞ்சம் நின்றேன். நின்றதால் காலை இட்லி தாமதம். மாமியார் கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

எத்தனை நாளாக இந்த ஓட்டமோ! தினமும் காலையில் "மீன் பாத்துட்டு வாறேன்" என்று போய் வெறுங்கையோடு வருகிறாரே என்று எனக்கு உறைக்காமல் போயிற்று. கடற்கரை ஊரில் தினமுமா மீன் கிடைக்காது?

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். செமிபைனலில் எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது. கீழத்துறையும் ஜெயித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பைனல். தோற்றுத் தொலைந்திருந்தால் நேர்ச்சையும் தானாகவே போயிருக்கும். நேர்ந்துகொண்டது பைனல் அல்லவா! இத்தனை வருடமாக உருப்படாத டீம் இந்த வருடம் பார்த்து ஜெயிக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். அவளிடம் அழுது தீர்த்தேன். அவள் சொன்ன ஒரு விஷயத்தில் எனக்கு உயிரே வந்தது. அவளுடைய நாத்தனார் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டு, பிறகு நெஞ்சுவலி வந்து நடக்க முடியாமல் போனபோது, பங்குச் சாமியார் அந்த நேர்ச்சையை அன்னதானமாக மாற்றிக் கொடுத்தாராம். அப்படி மாற்றுவதற்குச் சாமியாருக்கு அதிகாரம் உண்டாம்.

எனக்கு இது இத்தனை நாள் தெரியாதே! நாளைக்கே போகிறேன்.

ஜனவரி 16, புதன்

போனேன். ஃபாதர் அமலதாஸ் திருவிழாக் கணக்கில் மூழ்கியிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"மாத்தலாம்மா. உடம்பக் கெடுத்துக்கிட்டு நேர்ச்சை செலுத்தணும்னு திருச்சபை சொல்லல. அசனத்தன்னிக்கு நூறு பேருக்கு அவர் கையால சோறு பரிமாறட்டும். ஆனா நேர்ந்தவர் அவர். அவரே என் முன்னால வந்து, இன்ன நேர்ச்சை, என்னால முடியல, மாத்திக் குடுங்கன்னு சொல்லணும். உன் வாயால வாங்கிக்கிட்டு மாத்த முடியாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே தட்டில் வைத்து நீட்டுகிறார். வீட்டுக்கு வரும் வழியில் கால் தரையில் படவில்லை. இரவு அயிலை மீன் பொரித்தேன். இவர் தட்டில் இரண்டு வைத்தேன். "ஃபாதர் நாளைக்கு உங்கள வரச் சொன்னாரு" என்று மட்டும் சொன்னேன். திருவிழா விஷயம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஜனவரி 17, வியாழன்

எழுதினால் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

நானும் கூடப் போயிருந்தேன். ஃபாதர் நன்றாகவே ஆரம்பித்தார். நேர்ச்சையின் அர்த்தம், உடம்பும் ஆண்டவர் தந்தது, மாற்றிக்கொண்டால் பாவம் ஒன்றும் இல்லை, எல்லாம் சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஃபாதர், "எழுந்து நின்னு சொல்லுங்க. என்ன நேர்ந்தீங்க?" என்றார்.

இவர் எழுந்து நின்றார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"சொல்லுங்க. ஃபாதர் எவ்வளவு நேரம் இருப்பாரு" என்று நான் இடித்தேன்.

"நேர்ச்ச ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஃபாதருக்கும் புரியவில்லை.

"நான் ஒண்ணும் நேரல்ல. சும்மா சொன்னதாக்கும். இவ விடமாட்டா, டாக்டர் விடமாட்டாரு. நேர்ச்சண்ணு சொன்னா ஒருத்தரும் தடுக்கமாட்டாவண்ணு சொன்னேன். கிளாரன்ஸ்கிட்ட நான்தான் போயி என்ன டீம்ல சேத்துக்கண்ணு கேட்டேன். ஒங்க முன்ன வச்சுப் பொய் சொல்ல வரல்ல ஃபாதர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவர் புனிதரின் சட்டைப்பையிலேயே மறைத்து வைத்திருக்கிறார். ஃபாதர் சிரிப்பை அடக்க இருமினார். அது எனக்குத் தெரிந்தது. அவர்மேலும் கோபம் வந்தது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். குற்றமே செய்யாத செபஸ்தியாரை ஒரு வாரமாகத் திட்டியிருக்கிறேன். கிளாரன்ஸைப் பார்த்துத் தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். இவர் அத்தனையும் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்திருக்கிறார்.

ஜனவரி 18, வெள்ளி

மதியம் மாமியார் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போனதும் நானே ஆரம்பித்தேன். "ஊரு கேக்கல்ல, சாமி கேக்கல்ல. பொறவு யாருக்கு வேண்டி அந்தக் கால ஒடைக்கப் போறிய? ஒரு கோப்பைக்கு வேண்டியா?"

"கோப்ப எவனுக்கு வேணும்?" என்று அவரும் கத்தினார். கல்யாணமாகி இவர் என்னிடம் கத்தியது இதுதான் முதல் தடவை.

பிறகு சொன்னார். அடிபட்ட அந்தக் கடைசி மேட்சைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்தான்.

முட்டு திருகி விழுந்ததும் ஸ்ட்ரெச்சரில் போட்டுத் தூக்கினார்களாம். வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே போயிருக்கிறார். மைதானத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் ரெஃப்ரி விசில் அடித்துவிட்டார், ஆட்டம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. கேலரியில் சத்தம். அது இவருக்கான சத்தம் இல்லை, பந்துக்கான சத்தம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கிளப்பிலிருந்து "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்று போனில் ஒரு மெசேஜ். அவ்வளவுதான், இருபது வருட ஆட்டம்.

"பதினாறு வயசுல நடந்து உள்ள போனேன் ஜெசி. வெளிய நடந்து வரல்ல. செத்த பொணம் மாதிரி எடுத்துட்டு வந்தானுவ. ஒரே ஒரு மேட்ச். விசில் அடிச்ச பொறவு எனக்க கால்ல நான் நடந்து கோட்டத் தாண்டணும். வேற ஒரு எளவும் வேண்டாம் எனக்கு."

"அத என்ட்ட சொன்னா என்ன? பொய் எதுக்கு?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டேன். அதனால் இன்னும் கோபம் வந்தது. அந்த கிளப்காரர்கள்மேல், அந்த ரெஃப்ரிமேல், ஒன்றரை வருடம் இதை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய இந்த மனுஷன்மேல். என்னை என்ன கல் என்று நினைத்தாரா? அடுக்களையில் போய் ஒரு சட்டியை உடைத்தேன். கை தவறி என்று மாமியாரிடம் சொன்னேன்.

ஜனவரி 19, சனி

ஐந்தாம் நம்பர் ஜெர்சியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வயிற்றில் பிடித்தது. வருடா வருடம் எல்லாருக்கும் பிடித்துத் தைக்கிறவள், இவருக்கு மட்டும் பக்கவாட்டில் பிரித்து விட்டுத் தைத்தேன்.

குத்தூசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "கடைசிப் பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு நொடி நின்னியண்ணா நானே உள்ள வந்து இழுத்துட்டுப் போவேன். ஓடி ஏறப்பிடாது. பின்ன நிண்ணு தலையால தள்ளுங்க, போதும்."

"ஓ" என்றார்.

"சிரிக்காதீங்க. நான் ஒங்ககிட்ட இன்னும் பேசல்ல."

ஜனவரி 21, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

பந்துத் திடலில் ஈ நுழைய இடமில்லை. நான் பெண்கள் பக்கம், கயிற்றை ஒட்டி நின்றேன். பிள்ளையைத் திருவிழாவுக்கு வந்திருந்த அக்கா மகளிடம் விட்டிருந்தேன். முதல் பாதியில் எங்கள் ஊர் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி பூராவும் கீழத்துறை முட்டியது. அந்த நைஜீரியாக்காரப் பையன் நல்ல உயரம். எல்லாப் பந்தும் அவன் தலைக்குத்தான் போனது. எங்கள் பையன்கள் பந்தைப் பார்க்கிறார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கத்தியதால் அல்ல, தூசி.

பத்து நிமிடம் இருக்கும்போது இவர் இறங்கினார். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கோயில் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை. இவர் ஓடவில்லை. நேரே நைஜீரியாக்காரனின் முன்னால் போய், அவன் பார்க்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் பந்து வந்தது, அவன் எழும்புவதற்குள் இவர் தள்ளிவிட்டார். இரண்டாவது பந்து, அதுவும். அவன் சிரித்துக்கொண்டே இவர் தோளில் தட்டினான். அவன் வயதுக்கு இவர் அப்பா மாதிரி. நான்காவதோ ஐந்தாவதோ பந்துக்கு இவர் வலது காலில் இறங்கிவிட்டார். முகம் கோணியது. பக்கத்தில் நின்றவளின் கையை நான் நசுக்கியிருக்கிறேன், அவள்தான் பிறகு சொன்னாள். ஆனால் நின்றார். விழவில்லை.

விசில் அடித்தது. ஜெயித்துவிட்டோம்.

இவர் திடலின் நடுவில் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்து, கோட்டைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தார். இன்னொன்று.

அதற்குள் ஊர் உள்ளே பாய்ந்தது. கிளாரன்ஸ், பேரவைத் தலைவர், இவருடைய அண்ணன், வள்ளத்தில் போனபோது சிரித்த அத்தனை பேரும். "தனிஸு! தனிஸு!" என்று சுற்றி வளைத்து, இவரை அப்படியே தூக்கித் தோளில் வைத்துவிட்டார்கள். வெடி வெடித்தது. மேளம் வந்தது. ஊர்வலமாக வெளியே கொண்டுவர ஆரம்பித்தார்கள். "எறக்கி விடுங்கலே, எறக்கி விடுங்க" என்று இவர் கத்துவது எனக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது சந்தோஷக் கத்தல். இவர் முகம் அழுகிற முகமாக இருந்தது. அதையும் அவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

கயிற்றை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. இந்த ஊரில் பெண்கள் திடலுக்குள் இறங்கியது இல்லை. செருப்பு எங்கோ போய்விட்டது. நேரே போய்த் தூக்கிப் பிடித்திருந்த அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எறக்குங்கலே அவர! எறக்குங்க! நடந்து வர விடுங்க அந்த மனுசன!"

மேளம் நின்றுவிட்டது. பேரவைத் தலைவர், "என்ன பிள்ளே இது, ஊர் முன்ன வச்சு..." என்றார்.

"ஊர நாளைக்குப் பாத்துக்கிடலாம்! இப்ப எறக்குங்க!"

அண்ணனை நான் "லே" போட்டு அழைத்திருக்கிறேன். மாமியார் அதை இனி சாகும்வரை சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும்.

இறக்கினார்கள். அவர்கள் ஏற்கெனவே கோட்டுக்கு நாலு எட்டு தூரத்தில் கொண்டுவந்திருந்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நொண்டி நொண்டித் திரும்பவும் நடுவுக்கே போனார். அங்கே நின்றார். அங்கிருந்து நடந்தார். மொத்த ஊரும் வாயைப் பிளந்து வழி விட்டது, பைத்தியமா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். நைஜீரியாக்காரப் பையன் ஒருவன்தான் கை தட்டினான். அவனுக்கு என்ன புரிந்ததோ. பிறகு ஒருவர், இருவர், பிறகு எல்லாரும்.

நான் பக்கத்தில் நடந்தேன். கை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் போல இருந்தது, கொடுக்கவில்லை.

கோட்டைத் தாண்டினார். தாண்டிய அடுத்த நொடி முட்டு மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கிளாரன்ஸும் அண்ணனும் தூக்க ஓடி வந்தவர்கள், என்னைப் பார்த்துப் பயந்து நின்றார்கள்.

இவர் சிரித்தபடியே கையை மேலே நீட்டினார். "இப்பத் தூக்குங்கலே" என்றார்.